பத்மநாபபுரம் கொட்டாரம்: எது பழையது, எதை எப்படிப் பார்ப்பது

வயதான பெற்றோரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு வருவதாகவும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரைநாள் ஒதுக்குவது தகுமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு ஐயத்தையும் கேட்டிருந்தீர்கள்: 1601இல் கட்டப்பட்டது என்று ஒருவர் சொல்கிறார், மார்த்தாண்ட வர்மா திரும்பக் கட்டியது என்று இன்னொருவர் சொல்கிறார், அப்படியானால் நாங்கள் காணப்போவது பழைய அரண்மனையா, பிறகு எழுப்பிய ஒன்றா? அரைநாள் தாராளமாக ஒதுக்குங்கள். முடிந்தால் காலை முழுவதையும் கொடுங்கள். ஐயத்துக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த விடை தெரிந்து உள்ளே நுழைபவர்களுக்கும் தெரியாமல் நுழைபவர்களுக்கும் இந்தக் கட்டடம் ஒரேபோல் தெரிவதில்லை என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாட்டின் அரசர்களுடைய இருப்பிடம் முன்பு திருவிதாங்கோட்டில் இருந்தது. அங்கிருந்து வேளிமலையின் அடிவாரத்திலுள்ள கல்குளத்துக்கு மாறியது. 1592 முதல் 1609 வரை ஆண்ட இரவி வர்ம குலசேகரப் பெருமாள் 1601ஆம் ஆண்டு வாக்கில் இங்கே அரண்மனை எழுப்பினார் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம். ஆனால் வளாகத்தின் உட்பகுதியில் இருக்கும் தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை) அதற்கும் முந்தியது, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, உள்நாட்டுப் பகையையெல்லாம் அடக்கி, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பிறகு, கல்குளத்துக் கொட்டாரத்தைப் பெரிய அளவில் திருத்திக் கட்டினார். 1750 சனவரியில் நாட்டையே திருவனந்தபுரத்து பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, இனி அந்தத் தெய்வத்தின் தாசனாக நின்றே ஆள்வேன் என்று அவர் உறுதி எடுத்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதன்பிறகு அரசர்கள் வந்துபோகும் இடமாக மட்டுமே இருந்த இந்த வளாகத்தை, 1930களில் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் திருவிதாங்கூர் தொல்லியல் துறை ஏற்றெடுத்துச் செப்பனிட்டு, பொதுமக்கள் காணும் அருங்காட்சியகமாக மாற்றியது.

ஆகவே நீங்கள் பார்க்கப்போவது ஒரே நாளில் பிறந்த கட்டடம் அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று சேர்த்தும், இடித்தும், மாற்றியும், நீட்டியும் கட்டப்பட்ட பல வீடுகளின் தொகுதி அது. இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. கல் கட்டடம் விட்ட இடத்தில் நிற்கும். மரக் கட்டடம் அப்படி நிற்காது. குமரி மாவட்டத்தின் இந்தப் பகுதியில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஓடு ஒன்று நகர்ந்து ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம் இற்றுப்போகும், அடுத்த ஆண்டு அதைத் தாங்கும் கழுக்கோல் எனும் சாய்வுமரம் இற்றுப்போகும், அதன்பிறகு கறையான் உத்தரத்துக்கு ஏறிவிடும். ஆசாரிகள் பழைய மரத்தை இறக்கி, அதே அளவில், அதே பொருத்துவாயோடு புதிய மரத்தை ஏற்றிக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கொட்டாரம் இன்றும் நிற்கிறது. வீட்டுக்கு ஓடு மாற்றினால் அது வேறு வீடு ஆகிவிட்டது என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை அல்லவா? அதேபோலத்தான் இதுவும். ஒரு பகுதியின் மரம் பிற்காலத்தியதாக இருக்கலாம். அதன் அளவும் அமைப்பும் அந்த மரத்தைவிடப் பழையவை. மார்த்தாண்ட வர்மாவின் மறுகட்டுமானத்தை, பழையதை அழித்த செயலாக நான் காணவில்லை. தாய்க்கொட்டாரத்தை அவர் உள்ளே அப்படியே நிற்கவிட்டு, அதைச் சுற்றித்தான் தம்முடைய கட்டடங்களை வளர்த்தார்.

இதில் பார்வையாளருக்கு ஒரு சிக்கல் உண்டு. நடந்து பார்க்கும் வரிசை வேறு, வயது வரிசை வேறு. வாசலில் முதலில் எதிர்ப்படும் பூமுகம் எனும் முகப்பு மண்டபத்தைப் பழையது என்று எண்ணிக்கொள்வோம். உண்மையில் பழையதைக் காண மேலே ஏறி, நீண்ட இடைவழிகளைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிடும், பெரியவர்களுக்குக் கால் கடுக்கத் தொடங்கிவிடும், கூட்டமும் பின்னாலிருந்து நெருக்கும். மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டிய இடத்தைப் பெரும்பாலோர் மிகவும் களைத்த நேரத்தில் கடக்கிறார்கள். ஆகவே முதல் அறைகளிலேயே முழு ஊக்கத்தையும் செலவிட்டுவிடாதீர்கள்.

பூமுகத்தில் நின்றதும் தலையை உயர்த்தி மச்சைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய 90 பூக்கள் அங்கே இருப்பதாகவும், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்றும் சொல்வார்கள். பிள்ளைகளிடம் ஒரேமாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தேடும் நேரத்தில் பெரியவர்கள் ஓய்வாக நிற்கலாம். அதே மச்சிலிருந்து தொங்கும் குதிரை விளக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். குதிரைவீரன் உருவம் கொண்ட அந்தப் பித்தளை விளக்கின் சங்கிலிக் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் விதத்தால், விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் சுழன்று பழைய நிலைக்கு வராமல் திருப்பிய பக்கத்திலேயே நிற்கும். ஊழியர் திருப்பிக் காட்டும்போது எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள். நீங்கள் சங்கிலியைப் பாருங்கள், ஏனென்றால் கைவேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் கருங்கல் கட்டில் ஒன்றும், சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் வேலைப்பாடுள்ள நாற்காலி ஒன்றும், சுவரில் ஓணவில்லுகளும் இருக்கின்றன. ஓணவில் என்பது திருவோண நாளில் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாகச் செலுத்தப்படும், ஓவியம் தீட்டிய மரப்பலகை.

அங்கிருந்து செங்குத்தான மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இந்த அறையைத்தான் வளாகத்திலேயே மிக அழகானது என்று பலரும் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். அறை சிறியதுதான். வெளிப்புறம் சாய்ந்த மர அழிகளும், நிறமேற்றிய அப்பிரக (மைக்கா) தகடுகள் பொருத்திய சாளரங்களும் வெயிலையும் புழுதியையும் வெளியிலேயே நிறுத்திவிட்டு, காற்றையும் மங்கிய ஒளியையும் மட்டும் உள்ளே விடுகின்றன. சித்திரை வெயிலில் முற்றத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடலிலேயே தெரியும். இனி தலையைக் குனிந்து தரையைப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரை கல்லும் அல்ல, சிமென்டும் அல்ல. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு, மணல் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்தது என்று அதன் கலவையைச் சொல்கிறார்கள். இந்தத் தரையின் பொருட்டுத்தான் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். செருப்பில் ஒட்டிவரும் மணல் அந்தப் பளபளப்பைக் கீறிவிடும். வெறுங்காலோடு நடப்பது மரியாதைக்கு மட்டுமல்ல, கட்டடத்தின் ஆயுளுக்கும் ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மணிமாளிகையின் கடிகாரத்தை வெளியே நின்று பார்த்தால் போதும். அடுத்து வரும் ஊட்டுப்புரை எனும் உணவுக்கூடத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது. கீழும் மேலுமாக இரண்டு நெடிய கூடங்கள், தளத்துக்கு ஏறத்தாழ 1000 பேர் ஒரே நேரத்தில் பந்தியில் உட்காரலாம். பிராமணர்களுக்கு அரசர் நாள்தோறும் சாப்பாடு போட்ட இடம் இது. யாருக்கு அந்த இலை விரிக்கப்பட்டது, யாருக்கு விரிக்கப்படவில்லை என்பதையும் இந்தக் கூடத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மை என்று நினைக்கிறேன். அரண்மனையின் அழகை வியப்பதற்கு அந்தக் காலத்தின் சாதி ஒழுங்கை மறைக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள பெரிய பரணிகள் எனும் ஜாடிகள், இவ்வளவு பேருக்கும் ஊறுகாய் முதலியவை எந்த அளவில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் என்பதைக் காட்டும். வெளியே ஒரு பீடத்தின்மேல் 38 கிலோ எடையுள்ள உருண்டைக் கல் இருக்கிறது. படையில் சேர வரும் இளைஞன் அதைத் தலைக்குமேல் 101 முறை தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஊழியர்கள் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை நான் செவிவழிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பிள்ளைகள் அந்தக் கல்லை விட்டு எளிதில் நகர மாட்டார்கள்.

அடுத்தது தாய்க்கொட்டாரம். உங்கள் கேள்விக்கு நேரடியான விடை இங்கேதான் நிற்கிறது. பூமுகத்தின் மிடுக்கோ மாளிகையின் உயரமோ இதற்கு இல்லை; வாசல்கள் தாழ்ந்தவை, நெடியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். நாலுகெட்டு முறையில் கட்டியது: நடுவில் திறந்த முற்றம், அதன் நான்கு மூலைகளிலும் தூண்கள், நான்கு பக்கத்திலிருந்தும் சரிந்து இறங்கும் கூரை. மழை பெய்யும்போது நாலு கூரையின் நீரும் அந்த முற்றத்தில் விழும். குமரி மாவட்டத்தின் பழைய தறவாட்டு (பூர்வீகக் குடும்ப) வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகவே இராது. அரசகுலம் குடியிருந்த வீடும் ஊரில் வசதியுள்ளவர்கள் குடியிருந்த வீடும் ஒரே தச்சு மரபில் பிறந்தவை; அளவிலும் வேலைப்பாட்டிலும்தான் வேறுபட்டன. பிற்காலத்து மாளிகைகளைப் பார்த்துவிட்டு இதற்குள் வந்து நின்றால்தான், மார்த்தாண்ட வர்மா எதிலிருந்து தொடங்கி எவ்வளவு தூரம் போனார் என்பது புரியும்.

அதன் தென்மேற்கு மூலையிலுள்ள ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் ஒன்று இருக்கிறது. இதற்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பலாவின் வைரம் அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல நிறம் ஆழ்ந்து செம்பழுப்பாகும். தூண் முழுவதும் பூவும் கொடியுமாக வேலைப்பாடு பின்னிக் கிடக்கிறது. பல துண்டுகளை ஒட்டிச் செய்யும்போது ஓரிடத்தில் உளி வழுக்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம். ஒற்றை மரத்தில் அந்த வசதி இல்லை. பாதி வேலை முடிந்த நிலையில் ஓர் இதழ் பெயர்ந்திருந்தால் மரம் முழுவதும் வீணாகியிருக்கும். அந்தத் தச்சரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கை மட்டும் கிடைத்திருக்கிறது. தயவுசெய்து தொட வேண்டாம். வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை தடவிப்பார்க்க ஆசைப்பட்டால், நாளடைவில் அந்த இதழ்களின் விளிம்பு மழுங்கிப்போகும்.

நான்கு நிலை கொண்ட உப்பிரிக்கை மாளிகை மார்த்தாண்ட வர்மாவின் எண்ணத்தை முழுமையாகச் சொல்லும் கட்டடம். கீழே கருவூலம், அதற்குமேல் அரசரின் படுக்கையறை, அதற்கும் மேல் அவர் ஓய்வெடுக்கவும் நோன்பு நாட்களில் தங்கவும் பயன்பட்ட அறைகள், எல்லாவற்றுக்கும் மேலே பத்மநாப சுவாமிக்கென்று ஒதுக்கிய வழிபாட்டு அறை. பொருளுக்கு மேல் அரசன், அரசனுக்கு மேல் தெய்வம் என்ற அடுக்கு அது. 1750இல் அவர் செய்த ஒப்படைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த அடுக்கின் பொருள் விளங்கும். படுக்கையறையிலுள்ள கட்டில் 64 வகை மருந்து மரங்களால் ஆனது, டச்சு வணிகர்கள் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. மேல்தளத்துச் சுவர்கள் முழுவதும் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பெரும்பாலும் புராணக் காட்சிகள். அவற்றைப் பாதுகாக்கும் பொருட்டு அந்தத் தளத்துக்குப் பொதுமக்களை விடுவதில்லை. ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டத்தின் மூச்சும் ஈரமும் சுவர் ஓவியத்துக்கு என்ன செய்யும் என்பதை எண்ணினால் அது சரியான முடிவுதான்.

மரமே ஆளும் வளாகத்தில் நவராத்திரி மண்டபம் மட்டும் கல்லின் இடம். சிற்பம் செதுக்கிய கல்தூண்கள், மின்னும் கறுப்புத் தரை, ஒரு பக்கத்தில் துளைகள் விட்ட மரத்தடுப்பு. அரசகுலப் பெண்கள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருந்து ஆடலும் பாடலும் கண்டார்கள். அருகில் சரசுவதி கோயில். அங்கே வழிபடப்படும் திருமேனி கம்பர் பூசித்தது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நவராத்திரிக்கு முன்பாக இந்தச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அதற்கு முன்னால் அரசரின் உடைவாள் அரண்மனையில் முறைப்படி கையளிக்கப்படும். இரண்டு மாநில அரசுகளின் பிரதிநிதிகளும் அப்போது வந்து நிற்பார்கள். அருங்காட்சியகம் என்றால் முடிந்துபோனவற்றின் இருப்பிடம் என்று எண்ணுபவர்கள் அந்த ஒரு காலையில் வந்து பார்க்க வேண்டும். உங்கள் பயணத்தைப் புரட்டாசிக்கு மாற்ற இயலுமானால் மாற்றுங்கள்.

விருந்தினருக்காகப் பிற்காலத்தில் ஐரோப்பியப் பாணியில் கட்டிய இந்திர விலாசத்தை விரைவாகவே கடந்துவிடலாம். குளச்சலில் டச்சுத் தளபதி டி லனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சியைத் தீட்டிய ஓவியத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வாசலுக்கு அருகில் தனியாக இருக்கும் அருங்காட்சியகக் கட்டடத்தில் கல்வெட்டுகள், கல்லிலும் மரத்திலுமான சிற்பங்கள், நாணயங்கள் ஆகியவை வைக்கப்பட்டிருக்கின்றன. அரண்மனையை முடித்துக்கொண்டு களைப்போடு வெளியேறுபவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். கல்வெட்டில் ஆர்வம் உள்ளவராக இருந்தால் இங்கே முதலில் நுழைந்து, பிறகு கொட்டாரத்துக்குப் போங்கள்.

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனையில் கேரள அரசின் பலகை ஏன் என்று உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத்திடமே நின்றது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் இதைக் காத்து வருகிறது. யாருடையது என்ற வாதம் அவ்வப்போது எழும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மரவேலை தெரிந்த கைகள் ஆண்டுதோறும் கூரைமேல் ஏறுகின்றனவா என்பதுதான். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இரணியல் அரண்மனை இருக்கிறது. அதே அரசமரபின் கொட்டாரம்தான். பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கூரை சரிந்து, சுவரில் மரம் முளைத்து, பாழடைந்து கிடந்த பிறகே அதற்குச் சீரமைப்புப் பணி வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு, மறுகட்டுமானம் என்பதைப் பற்றி நான் மேலே எழுதியதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் பத்மநாபபுரம் 2014இல் சேர்க்கப்பட்டது. இறுதிப் பட்டியலுக்குப் போக அது முழுத் தகுதி உடையது என்பது என் உறுதியான எண்ணம்.

வழியும் நேரமும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் தக்கலை. அங்கிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டருக்குள், பேருந்தும் உண்டு, ஆட்டோவும் கிடைக்கும். ரயிலில் வருவதானால் இரணியல் நிலையம் அருகில். திங்கட்கிழமை விடுமுறை. காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை விட்டு, மாலை 4:30க்கு மூடுவது வழக்கம். புறப்படும் முன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். திறக்கும் நேரத்துக்கே வாசலில் நின்றுவிடுங்கள். சபரிமலைக் காலமான கார்த்திகை, மார்கழியில் பக்தர்களின் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். அப்போது தூணுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது நடக்காது. முட்டுவலி உள்ள உங்கள் பெற்றோருக்கு மந்திரசாலைப் படியும் அதற்குப் பின்வரும் ஏற்ற இறக்கமும் கடினமாக இருக்கும். பூமுகத்திலேயே ஊழியரிடம் சொன்னால், மாடி ஏறாமல் பார்க்கக்கூடிய பகுதிகளுக்கு வழி கேட்டுக்கொள்ளலாம். தாய்க்கொட்டாரமும் நவராத்திரி மண்டபமும் கிடைத்தாலே அவர்களுக்கு வந்த பயன் கிடைத்துவிடும். ஆங்காங்கே நிற்கும் ஊழியர்கள் மலையாளம் கலந்த தமிழில் விளக்குவார்கள். கூட்டம் இருந்தால் மனப்பாடமாகச் சொல்லி நகர்த்திவிடுவார்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் நின்று பேசுவார்கள். ஆகவே கேளுங்கள்.

முடித்துக்கொண்டு வெளியே வந்ததும் நேரே வண்டியில் ஏறிவிட வேண்டாம். அரண்மனை வளாகம் ஆறரை ஏக்கர்தான். அதைச் சூழ்ந்துள்ள கருங்கல் கோட்டை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது, அதற்குள் இன்றும் தெருக்களும் வீடுகளும் கோயில்களுமாக ஓர் ஊரே வாழ்கிறது. இராமசுவாமி கோயிலின் மரப்பலகைகளில் இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கொட்டாரத்தின் தச்சுவேலையைப் பார்த்த கண்ணோடு உடனே இதையும் பார்ப்பது நல்லது. நாகர்கோவிலுக்குத் திரும்பும் வழியில் புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. குளச்சலில் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி அளித்து, இந்தக் கோட்டைகளையும் வலுப்படுத்திய டி லனாய் 1777இல் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்திருக்கின்றன. அரண்மனையில் ஓவியத்தில் கண்ட மனிதரின் கல்லறை என்று சொன்னால், பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கத் தயங்க மாட்டார்கள்.